அம்மாவுக்கு அரைப்பேர்

அந்தப் பையை நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன். பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானா கடையில் வாங்கின கறுப்புப் பை. சிப் அறுந்துபோய் எத்தனையோ வருசமாகிறது. ரெண்டு ஊக்குக் குத்தி வைத்திருக்கிறேன். என் மகளுடைய காயிதம் அத்தனையும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

மகளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் நிற்காது, கை முறுக்கிக்கொள்ளும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. பேச்சும் வரும், ஆனால் நிதானமாக வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிடலாம். அவள் முதல் சொல்லைத் தொடங்கும்போதே மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான் மூன்றாம் வகுப்போடு மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பைக்குள் இருக்கிற காயிதம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கறை இருப்பது பிறப்புச் சாட்சிப் பத்திரம். நாலாக மடித்து மடிப்பில் கிழிந்தது கிராம சேவகர் கொடுத்த கடிதம். நீலச் சீல் இரண்டு குத்தினது ஆஸ்பத்திரித் துண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், கிளினிக் கொப்பியில் இன்னொரு மாதிரியும் மகள் பேரை எழுதி வைத்திருந்தார்கள். சிங்களத்தில் எழுதினவருக்கு எங்கள் பேர் வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான். மூன்று பேருக்கும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி எடுக்க மட்டும் நான் பதுளைக்கு ஐந்து தடவை போனேன். ஒரு ஆபிசில் இன்னொரு ஆபிசின் கடிதம் கேட்பார்கள். அங்கே போனால் முதல் ஆபிசின் கடிதம் கேட்பார்கள். எந்தக் கிழமை எந்த ஐயா இருப்பார், யாரிடம் மெதுவாகப் பேச வேண்டும், யாரிடம் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம்.

அதனால் தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்று லயத்து வீடுகளுக்கும் நான்தான் காயிதக்காரி. சீனி வியாதியில் கால் எடுத்தவர், கண் தெரியாதவர், காது கேளாத பிள்ளை பெற்றவள், எல்லாரும் என் வாசல் இஸ்தோப்புக்கு வந்துதான், "அக்கா, முதல்ல எந்த ஆபிசுக்குப் போறது?" என்று கேட்பார்கள். நான் உடனே சொல்லிவிட மாட்டேன். பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அப்புறம்தான் சொல்வேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்த டெப் பிள்ளை வந்தாள்.

பதுளை டவுனில் இருக்கிற ஒரு முஸ்லிம் பிள்ளை. முடியாதவர்களுக்கு உதவி செய்கிற சேவை நிலையம் ஒன்று பஜாருக்குப் பின்னால் தொடங்கியிருந்தார்கள். அதிலிருந்து வந்தாள். கையில் சிலேட்டு அளவில் ஒரு டெப், விரலால் தொட்டால் எழுத்தும் படமும் வருகிற கண்ணாடி. சேறு மிதித்து ஏறி வந்ததில் சப்பாத்து கெட்டுப்போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காயிதங்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பையைத் திறந்து பாயில் பரப்பினேன். எந்தக் காயிதம் எப்படி வந்தது என்று கதையைத் தொடங்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே டெப்பை ஒவ்வொன்றுக்கும் மேலே பிடித்தாள். டிக், டிக் என்று ஒரு சத்தம். நான் சத்தியக் கடதாசிக் கதைக்கு வரும்போது அவள் கடைசிக் காயிதத்தில் இருந்தாள். நான் ஊற்றிக் கொடுத்த பிளேன்டி அப்போதும் ஆறவில்லை.

"முடிஞ்சிது அம்மா. இனி இதைத் தூக்கிட்டு அலைய வேணாம். நிலையத்துல, கிளினிக்ல, நம்ம ஆபிசுல, எங்க பார்த்தாலும் இது தெரியும். இந்தக் கார்ட் மட்டும் இருந்தாப் போதும்."

ஒரு சின்ன அட்டையை மகளுடைய மடியில் வைத்தாள். அதில் கறுப்புக் கட்டம் கட்டமாக, எறும்பு மொய்த்த மாதிரி ஒரு அச்சு. என்னிடம் தரவில்லை, மகளிடம் தந்தாள். பாயில் கிடந்த காயிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நான் பைக்குள் வைத்தேன். முப்பது வருசத்து நடை. ஒரு பிளேன்டி ஆறுவதற்குள் அதை எடுத்துவிட்டாளே என்று இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. டெப்பில் ஒரு போன் நம்பர் போட வேண்டுமாம். கிளினிக் நாள், வீட்டுக்கு வருகிற நாள் எல்லாம் அந்த போனுக்கு வருமாம். என்னிடம் இருந்தது பட்டன் போன். அது போதாதாம். பக்கத்துக் காம்பராவில் என் மருமகள் இருக்கிறாள். மகன் கொழும்பில் கடை வேலை. இவள் மலை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுச் சட்டை தைக்கிறாள். அவளிடம் பெரிய போன் உண்டு. "என் நம்பரைப் போடுங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டு தையல் நூல் ஒட்டின கையோடு வந்து நின்றாள். நான் பிளேன்டிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அதிலிருந்து என் மகளுடைய சங்கதி எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரத் தொடங்கியது. "அத்தை, வர்ற செவ்வாக்கிழமை கிளினிக்காம்." "அத்தை, மருந்து மாத்தியிருக்காங்களாம்." நல்ல பிள்ளைதான். குரலில் ஒரு ஏளனமும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏளனம் இருந்தால் சண்டை பிடிக்கலாம். மத்தியானத்தில் மகளும் அவளும் அந்த போனை நடுவில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் போனால், "ஒண்ணுமில்ல அத்தை, ஒரு படம்" என்பாள். நான் திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்குவேன்.

கீழ் லயத்துக்காரியின் புருசனுக்கு அந்த மாசம் கால் எடுத்தார்கள். அவள் வருவாள் என்று பையைத் துடைத்து வைத்தேன். ஒரு கிழமை ஆயிற்று, வரவில்லை. குழாயடியில் கேட்டேன். டெப் பிள்ளை வந்து எல்லாம் பதிந்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னாள்.

"ஒரு துண்டுகூடக் கேக்கல அக்கா. உங்க பையில இனிக் கொழுந்து போடலாம்."

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது, இத்தனை வருசம் இவளுக்கு எத்தனை தடவை வழி சொல்லியிருப்பேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் புருசனுக்குக் கால் போன துக்கத்தை நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவு வந்தது.

டெப் பிள்ளை மூன்று மாசத்துக்கு ஒருதரம் வருவாள். வந்தால் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். டெப்பில் படம் வரும். மகள் சொல்லலாம், அல்லது கைமுட்டியால் தொடலாம். மகள் தொடங்கியதும் வழக்கம்போல நான் சொல்லிவிடுவேன்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. அவங்களே சொல்லட்டும்."

"அவ சொல்றதைத்தான் பிள்ள நான் சொல்றேன்."

"சரிதான். நீங்க சொல்றதுக்கும் இதுல ஒரு இடம் இருக்கு. அது கீழ இருக்கு."

கீழே. எனக்குக் கீழேதான் இடமாம். டெப் பிள்ளை பொறுத்திருந்தாள். மகள் வாயைக் கூட்டி, கழுத்தைத் திருப்பி, மறுபடி கூட்டி ஒரு சொல் வரும்வரைக்கும் டெப்பைப் பார்க்காமல், வாசலைப் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் மரத்துப்போனது. இப்படி நான் ஒருநாளும் இருந்ததில்லை. கூடையைக் கொட்டிவிட்டு, தண்ணி எடுத்து, சோறு ஆக்குகிறவளுக்கு அதற்கு எங்கே நேரம்?

ஒரு தடவை, எங்கே போக ஆசை என்று டெப் கேட்டது. கோயில், கடை, ஆறு, ரயில் என்று படங்கள் வந்தன. கோயில் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மகள் முட்டியால் ரயிலைத் தொட்டாள். விரலைப் போல முட்டிக்கு நிதானம் கிடையாது, தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் ரயில்.

காலையும் மாலையும் ரயில் கூவுகிறது எங்கள் காம்பராவுக்குக் கேட்கும். அவள் பிறந்த நாளிலிருந்து கேட்கும். நான் அவளை எப்போதும் பஸ்ஸில்தான் கொண்டுபோவேன், இல்லையென்றால் திரீவீலில். ரயிலில் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளும் கேட்டதில்லை. கூடவே இருக்கிற எனக்குச் சொல்லாததை ஒரு கண்ணாடிக்குச் சொன்னாள். வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையிலேயே வயிற்றில்தான் எரிகிறது.

அடுத்த தடவை வந்தபோதுதான் அந்தப் பேர் சங்கதி.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்களாக இருக்க மாட்டார்கள். அதனால் சொல்கிறேன். எங்களுக்குப் பேர் என்றால் கூப்பிடுகிற பேர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலையும் பேர்தான். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் நின்று, சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். உடம்புக்கு முடியாமல் மத்தியானத்தோடு இறங்கினாலும் அரைப்பேர்தான். பேரெல்லாம் முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமையிலோ பின்னேரத்திலோ, விருப்பமிருந்தால் போய் எடுக்கிற கொழுந்துக்குக் கையோடு காசு தருவார்கள். அதற்குப் பேர் கிடையாது. அதைக் கைக்காசு என்போம். நான் மலையில் இருந்த காலத்தில் அரைப்பேர் வாங்கினது மூன்றே தடவை. மூன்றும் பிள்ளை வயிற்றில் இருந்தபோது. இப்போதும் விரலை மடக்கிச் சொல்வேன்.

அன்றைக்கு மழை. மருமகள் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க அந்தப் பக்கம் போயிருந்தாள். டெப் பிள்ளை மகளிடம், "உங்களைப் பார்த்துக்கிறது யாரு? அவங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்டாள். நான் சீலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாதா?

மகள் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அண்ணிக்கு... முழுப்பேரு. அம்மாவுக்கு... அரைப்பேரு."

டெப் பிள்ளை டவுன்காரி. "அரைப்பேரா? சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். வேறு எந்த எழுத்தையும் கூட்டித்தான் படிப்பேன், என் பேர் மட்டும் தூரத்திலேயே தெரியும். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று வைராக்கியமாகப் பழகின பேர். ஏழு எழுத்து. அவள் மூன்று எழுத்தோடு நிறுத்திவிட்டாள்.

தோட்டத்தில் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தில் அரைப்பேருக்கு அரைப் புள்ளி போடுவார்கள். டெப்பில் பேரையே பாதியாக எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மருமகளுடைய பேர் மேலே முழுசாக இருந்தது. "சரியா அம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் மகளோடு பேசவில்லை என்று சொன்னால் பொய். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தலை வாரினேன். ஆனால் அவள் ஒரு சொல்லைத் தொடங்கினால் முடித்துக் கொடுக்கவில்லை. முழுப்பேர்க்காரி வந்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

இப்படி இருக்கிறபோது போனுக்குச் சேதி வந்தது. மகளுக்கு அளவெடுத்துச் செய்த புதிய வீல் செயார் பதுளை சேவை நிலையத்துக்கு வந்துவிட்டது, வந்து உட்கார்ந்து பார்த்து எடுத்துப் போகட்டும் என்று. பழையது யாரோ கொடுத்தது. ஒரு சில்லு இடப்பக்கம் இழுக்கும். மருமகள், "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை, உங்களுக்கு முட்டி வலி" என்றாள்.

"எனக்கு வலிச்சா நான் சொல்றேன். ரயில்ல நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

ரயில் என்றதும் மகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், மருமகளும் பார்த்தாள். அது எனக்கு இனித்தது. மகளுக்காகச் சொன்னேன் என்று இங்கே சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மருமகள் முந்திக்கொள்வாளே என்றுதான் சொன்னேன்.

திரீவீலில் ஸ்டேஷனுக்குப் போனோம். திரீவீல்காரரும் ஸ்டேஷன் ஆள் ஒருவரும் செயாரோடு தூக்கி ஏற்றிவிட்டார்கள். தெமோதரையை விட்டால் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் புகும். இருட்டு வந்ததும் மகள் சத்தமாகச் சிரித்தாள். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் சிரித்தேன். பதுளை வரும்வரைக்கும் எனக்கு யார்மேலும் கோபமில்லை.

சேவை நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை இருந்தாள். தமிழ்ப் பிள்ளை. மகளுடைய கார்டை வாங்கி ஒரு கருவியில் காட்டினாள். உள்ளேயிருந்து புதிய செயார் வந்தது. கழுத்துக்கு ஒரு தாங்கல், கைக்கு ஒரு பலகை. மகளை அதில் உட்கார வைத்தார்கள். அவள் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததில்லை. செயாரைப் பொறுப்பெடுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அந்தப் பிள்ளை என் அடையாள அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, பார்த்துக்கிறவங்கன்னு இதுல ரெண்டு பேரு இருக்காங்க. உங்க பேரு அதுல இல்லையே."

"இருக்கும் பிள்ள. நல்லாப் பாருங்க. நான் பெத்தவ."

"கிட்டத்தட்ட உங்க பேரு மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா அது வேற பேரு. இன்னொருத்தங்க பேரு சரியா இருக்கு. அவங்க வந்தா செயாரைக் குடுத்துருவேன்."

அந்த இன்னொருத்தங்க யார் என்று எனக்குத் தெரியும். தையல் மெஷினை விட்டு எழுந்து, முகம் கழுவி, பஸ் பிடித்து அவள் வந்து கையெழுத்துப் போடுவாள். நான் ஓரமாக நிற்பேன். அதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

நான் பையைக் கொண்டுபோயிருந்தேன். வேண்டாம் என்று மருமகள் சொன்னதால் சீலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோனேன். ஊக்கைக் கழற்றி அத்தனையையும் மேசைமேல் வைத்தேன். இது பிறப்புப் பத்திரம், தாய் பேர் பாருங்க. இது சத்தியக் கடதாசி. இது கிராம சேவகர். முப்பது வருசமாக எந்த மேசையிலும் என்னைத் திருப்பி அனுப்பாத காயிதங்கள்.

அந்தப் பிள்ளை ஒன்றையும் தள்ளவில்லை, மரியாதையாகப் பார்த்தாள். "எல்லாம் இதுக்குள்ளயும் இருக்கு அம்மா" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். தேத்தண்ணிக் கறைகூட அப்படியே இருந்தது. "நீங்க அம்மாங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பார்த்துக்கிறது யாருங்கிறதை நான் மாத்த ஏலாது. நீங்களும் மாத்த ஏலாது. கார்ட்காரங்க சொல்லணும்."

கார்ட்காரங்க செயாரில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பிள்ளை எழுந்து வந்து மகளுக்கு முன்னால் குந்தினாள். என்னைக் கையால் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

மகள் வாயைக் கூட்டினாள். பழக்கத்தில் என் வாயும் திறந்தது. திறந்தேனே தவிர, என்னவென்று சொல்வது? என்னைப் பற்றி அவள் சொல்லப்போவதை நானே எப்படிச் சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சுவரில் மின்விசிறி சுற்றியது. வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது. அவள் கழுத்து திரும்பி, திரும்பி, நின்றது. என் பிள்ளை ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடுபடுகிறாள் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"அம்மா" என்றாள். பிறகு, "அம்மாவுக்கு... அரைப்பேரு."

மறுபடியும் அதையே சொல்கிறாளே என்று மேசைமேல் கிடந்த காயிதங்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அந்தப் பிள்ளை மகளையும் திரையையும் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"யாரு இதைப் பதிஞ்சது? டவுன்ல இருந்து வர்ற மிஸ்ஸா? ஐயோ, அவங்களுக்கு அரைப்பேருன்னா என்னன்னு எப்படித் தெரியும்? பாதிப் பேரை எழுதி வச்சிருக்காங்க. நான் கொஸ்லந்தைத் தோட்டத்துப் பிள்ளை, அம்மா. எங்கம்மாவும் கொழுந்தெடுத்தவங்கதான்."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. டெப்பில் வேலைக்கு ஏற்ற மாதிரிப் பேரை வெட்டி எழுதுவதில்லை. கூப்பிடுகிற பேரைச் சுருக்கிச் சொல்கிறார்கள் என்று அந்த டவுன் பிள்ளை நினைத்திருக்கிறாள். தெரிந்தே பார்த்துக்கொண்டு நான் வாயை மூடியிருந்தேன். கோபத்தில் இருக்கிறவளுக்குக் கண்ணில் படுவதெல்லாம் தண்டனையாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

"இப்ப சொல்லுங்க" என்று அந்தப் பிள்ளை மகளிடம் கேட்டாள். "என்ன செய்யட்டும்?"

"பேரு... முழுசா எழுதுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வேலை... அரைப்பேரு."

ஏழு எழுத்தையும் அந்தப் பிள்ளை தட்டினாள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் என்று போடுகிற இடம் தனியாக இருக்கிறதாம். அதில் எனக்கு மத்தியானம் வரைக்கும் என்று போட்டாள். என் விரலால் கண்ணாடிமேல் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பேனா இல்லாமல் எழுதினது கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் ஏழெழுத்து.

திரும்புகிற ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனில் மகளுக்கு ஒரு பனிஸ் பன்னைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே இருந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"ஏன்டி எனக்கு அரைப்பேரு? நான் என்ன கொறை வச்சேன்?"

இந்தத் தடவை முடித்துக் கொடுக்கவில்லை. பனிஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"முழுப்பேருன்னா... பொழுதுக்கும் நிக்கணும். உனக்கு... முட்டி."

"அப்ப அவளுக்கு?"

"அண்ணிக்கு... முட்டி நல்லாத்தானே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. முட்டி என் முட்டி. அதைப் பற்றி இவளிடம் நான் ஒருநாளும் முனகினதில்லை. கட்டிலில் கிடந்துகொண்டு, நான் படி இறங்குகிறதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது மத்தியானம் சாப்பிட்டதும் மருமகள் வந்து புதிய செயாரைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறாள். மெஷினுக்குப் பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு தைப்பாள். எனக்குப் பின்னேரம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. படுத்தால் தூக்கம் வராது. மெஷின் ஓடுகிற சத்தமும் நடுவில் சிரிப்பும் சுவரைத் தாண்டி வரும். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கும். போகவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

போன கிழமை அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு தட்டில் அவித்த கிழங்கை வைத்து எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்கத்தான் வந்தேன் என்கிற மாதிரி அந்தக் காம்பராவுக்குப் போனேன். மருமகள் மெஷினை நிறுத்தினாள். நான் மகளுக்குப் பக்கத்தில் குந்தி, கிழங்கைத் தோலுரிக்கத் தொடங்கினேன். மகள் என்னைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், வாயைக் கூட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் பொறுத்திருந்தோம்.

"அம்மா," என்றாள், "கைக்காசுக்கு... வந்திருக்கு."

மருமகள் மெஷின்மேல் தலையை வைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஆமா, வா, வாயைத் தொற" என்று சொல்லி அவளுக்கு முதல் துண்டை ஊட்டினேன்.